மூலநிரல் கையில் இருந்தால் போதுமா?

ஒரு மென்பொருளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் அதன் மூலநிரல் யாரிடம் இருக்கிறது என்றுதான் கேட்கிறோம். நிறுவனம் ஒப்படைத்ததா, அரசு வெளியிட்டதா, யாராவது களவாடினார்களா என்று விவாதம் அந்த இடத்தையே சுற்றி வருகிறது. ஆனால் நிரலாளர் எழுதிய மூலநிரல் அப்படியே நம் கைப்பேசியில் ஓடுவதில்லை. நூற்றுக்கணக்கான கோப்புகளைச் சரியான வரிசையில் தொகுக்க வேண்டும். பிறர் எழுதிய நூலகங்களைச் சரியான பதிப்பில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். சோதனைகளை ஓட்டிப் பார்த்து, அளவைச் சுருக்கி, டிஜிட்டல் கையொப்பம் இட்டு, கடைசியில் சர்வரிலோ செயலிக் கடையிலோ கொண்டுபோய் வைக்க வேண்டும். மென்பொருள் அலுவலகங்களில் இதற்கு ‘பில்ட்’ என்று பெயர். இந்த வேலைகளையெல்லாம் ஒரு கோப்பில் எழுதி மூலநிரலோடு சேர்த்தே வைத்துவிட்டால், அதைப் படிக்கத் தெரிந்த கருவி ஒரே கட்டளையில் மொத்தத்தையும் முடித்துவிடும். நிரலாளர்களுக்கு இது பழைய செய்தி. வேலை சீக்கிரம் முடிவதற்கான ஒரு வசதி என்ற அளவில்தான் அவர்களும் இதை மதிக்கிறார்கள், அவர்களிடம் மென்பொருள் வாங்குகிறவர்களும் மதிக்கிறார்கள். எனக்கு அந்தக் கோப்பு ஓர் ஆவணமாகத் தெரிகிறது. அது இல்லாமல் வந்து சேரும் மென்பொருளை, மூலநிரலின் கடைசி வரி வரை கையில் இருந்தாலும், முழுதாகப் பெற்றுக்கொண்டதாகக் கணக்கு எழுதக் கூடாது.

இந்த வகைக் கருவிகளில் மூத்தது ‘மேக்’. 1976-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் அதை எழுதியதற்குக் காரணம், சக ஆய்வாளர் ஸ்டீவ் ஜான்சனுக்கு வந்த கோபம். ஜான்சன் ஒரு காலைப் பொழுது முழுக்க ஒரு பிழையைத் தேடி அலைந்தார். அந்தப் பிழை முன்பே திருத்தப்பட்டிருந்தது. திருத்திய கோப்பை மறுபடி தொகுக்கத்தான் விட்டுப்போயிருந்தது. அதாவது, அவர் படித்துக்கொண்டிருந்த நிரலும் ஓட்டிக்கொண்டிருந்த நிரலும் வேறு வேறு. ஃபெல்ட்மனின் தீர்வு எளியது. எந்தப் பொருள் எந்தக் கோப்பைச் சார்ந்திருக்கிறது, அதை உருவாக்க எந்தக் கட்டளை வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதி வையுங்கள். எது பழசாகிவிட்டது என்பதைக் கோப்புகளின் நேரத்தை ஒப்பிட்டுக் கருவி கண்டுபிடிக்கும், மறுபடி செய்ய வேண்டியதை மட்டும் செய்யும். எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்ற கவலை மனிதனுக்கு வேண்டாம், எது எதைச் சார்ந்தது என்று சொன்னால் போதும். இந்தக் கருவிக்காக 2003-இல் கணினியியலாளர்களின் ஏ.சி.எம். அமைப்பு ஃபெல்ட்மனுக்கு மென்பொருள் அமைப்புகளுக்கான விருதை வழங்கியது. லினக்ஸ் கருநிரலை இன்றும் ‘மேக்’ கொண்டுதான் உருவாக்குகிறார்கள்.

அதற்குப் பின் ஒவ்வொரு தலைமுறையும் தனக்கென்று ஒன்றைச் செய்துகொண்டது. ஜாவா உலகத்துக்கு 2000-இல் ‘ஆன்ட்’ வந்தது. இணையப் பக்கங்கள் எழுதுகிறவர்களுக்கு 2012-இல் பென் ஆல்மன் ‘கிரன்ட்’ என்ற கருவியைக் கொடுத்தார். ‘கிரன்ட்ஃபைல்’ என்ற ஒரே கோப்பில், ஜாவாஸ்கிரிப்டில் பிழை பார்ப்பது ஒரு பணி, சிதறிய கோப்புகளை ஒன்றாக்குவது ஒரு பணி, வெற்றிடங்களை நீக்கிச் சுருக்குவது இன்னொரு பணி என்று பெயர் சூட்டி, ஒவ்வொன்றுக்கும் எந்தக் கோப்புகள் உள்ளே போகும், எது வெளியே வரும் என்று எழுதிவிட வேண்டும். ஜேகுவரி, பூட்ஸ்ட்ராப் போன்ற புகழ்பெற்ற திட்டங்கள் பல ஆண்டுகள் இதைப் பயன்படுத்தின. அவற்றின் மூலநிரலை இறக்கிக்கொண்ட புதியவருக்கு யாரிடமும் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கோப்பைத் திறந்தால் இந்தத் திட்டத்தில் எது எதன் பின் நடக்கிறது என்று தெரிந்துவிடும். கட்டளையை அடித்தால் அது நடந்தும் விடும்.

எழுதி வைக்காத செய்முறை என்ன விலை கேட்கும் என்பதற்குப் பதிவான கணக்கு ஒன்று உண்டு. நைட் கேப்பிட்டல் அமெரிக்கப் பங்குச் சந்தையின் பெரிய தரகு நிறுவனங்களுள் ஒன்றாக இருந்தது. 2012 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் பங்குச் சந்தை சில்லறை முதலீட்டாளர்களுக்கான புதிய திட்டம் ஒன்றைத் தொடங்கவிருந்தது. அதற்கான நிரலை நிறுவனத்தின் எட்டு சர்வர்களில் ஊழியர் ஒருவர் கையால் ஏற்றினார். ஏழில் ஏறியது, ஒன்று விடுபட்டது. விடுபட்ட சர்வரில் 2003-லிருந்து பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய நிரல் இன்னும் உட்கார்ந்திருந்தது. புதிய திட்டத்துக்கான சமிக்ஞை சந்தை திறந்ததும் அந்தப் பழசை எழுப்பிவிட்டது. சுமார் 45 நிமிடங்களில் 154 பங்குகளில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள் நடந்தன, 46 கோடி டாலருக்கு மேல் இழப்பு. பதற்றத்தில் அங்கிருந்தவர்கள் செய்தது இன்னும் மோசம். புதிய நிரல்தான் கோளாறு என்று நினைத்து, அது சரியாக ஏறியிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் அதை நீக்கினார்கள். அதுவரை ஒன்று செய்துகொண்டிருந்த தவறை எட்டும் செய்யத் தொடங்கின. ஏற்றிய வேலையை இரண்டாவது ஆள் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்து நடைமுறைகூட நிறுவனத்தில் இல்லை என்று ஒழுங்காற்று அமைப்பான எஸ்.இ.சி. 2013-இல் பதிவுசெய்து, 1.2 கோடி டாலர் அபராதம் விதித்தது.

ஒரு நேர்மையான எதிர்வாதத்தை இங்கேயே கேட்டுவிடலாம். தானியங்கிக் கருவியும் எட்டில் ஒன்றை விட்டுவிட்டு, சத்தமில்லாமல் முடிந்திருக்கலாமே? தாராளமாக நடந்திருக்கலாம். கருவி தவறே செய்யாது என்று சொல்கிறவரை நம்ப வேண்டியதில்லை. ஆனால் ‘இந்த எட்டு சர்வர்களிலும் இந்தப் பதிப்பு இருக்க வேண்டும்’ என்று ஒரு கோப்பில் எழுதியிருந்தால், இருக்க வேண்டியதையும் இருப்பதையும் ஒப்பிட ஓர் இடம் இருந்திருக்கும். ஏழு சர்வர்களில் கைவைப்பதற்கு முன் அந்த ஒப்பீட்டைச் செய்ய ஒரு நிமிடம் ஆகியிருக்காது. அங்கே அந்த விவரம் ஒருவருடைய ஞாபகத்தில் மட்டும் இருந்தது, அந்த ஞாபகமும் பிழையாக இருந்தது.

இதனால்தான் பில்ட் கோப்புக்கு வழக்கமாகச் சொல்லப்படும் நியாயம் எனக்குப் பலவீனமாகப் படுகிறது. நேரம் மிச்சம், விசைப்பலகையில் தட்டுவது குறையும் என்கிறார்கள். அது உண்மைதான், ஆனால் அந்தக் கணக்கில் பார்த்தால் மாதம் ஒருமுறை நடக்கும் வேலையைக் கையால் செய்வதே லாபம் என்று ஒருவர் எளிதில் நிரூபித்துவிடுவார். ஆனால் மாதம் ஒருமுறை மட்டும் நடக்கும் வேலையில்தான் ஒரு படி மறந்துபோகும். அதைச் செய்து பழகியவர் வேறு நிறுவனத்துக்குப் போயிருப்பார். சென்னையிலும் கோவையிலும் இயங்கும் மென்பொருள் சேவை நிறுவனங்களுக்கு இது அன்றாடப் பாடு. வேறொருவர் கட்டிய அமைப்பைப் பொறுப்பேற்பதே அவர்கள் தொழிலின் பெரும்பகுதி. ‘கே.டி.’ என்று சுருக்கி அழைக்கப்படும் அறிவுப் பரிமாற்றக் கூட்டங்களில் போகிறவர் சொல்லச் சொல்ல வருகிறவர் குறித்துக்கொள்கிறார். சொல்ல மறந்த படி நள்ளிரவில் ஏதோ ஒரு ரிலீஸ் நின்றுபோகும்போது தெரியவரும். அமெரிக்க எழுத்தாளர் ஜோயல் ஸ்போல்ஸ்கி 2000-இல் ஒரு மென்பொருள் குழுவின் தரத்தை அளக்கப் பன்னிரண்டு கேள்விகள் வகுத்தார். அவற்றில் இரண்டாவது, ஒரே படியில் பில்ட் செய்ய முடியுமா என்பது. படிகள் கூடக்கூடப் பிழைக்கு வாய்ப்புக் கூடும் என்பது அவர் சொன்ன காரணம். நான் அதோடு ஒன்றைச் சேர்ப்பேன். ஓட்டிப் பார்க்கக்கூடிய கோப்பு பொய் சொல்வது கடினம். வேர்ட் கோப்பில் எழுதிய செய்முறைக் குறிப்பு அடுத்த மாற்றத்தோடு பழசாகிவிடும், அது பழசானது யாருக்கும் தெரியாது. பில்ட் கோப்பு பழசானால் பில்ட் நின்றுவிடும், சரிசெய்யாமல் நகர முடியாது.

கருவிகள் நிலைப்பதில்லையே என்பது அடுத்த ஆட்சேபம். இது நியாயமான அலுப்புதான். ‘கிரன்ட்’ வந்த அடுத்த ஆண்டே ‘கல்ப்’ வந்தது. சில ஆண்டுகளில், இரண்டும் வேண்டாம், ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளை நிர்வகிக்கும் என்.பி.எம். தன்னிடமே வைத்திருக்கும் கட்டளைப் பட்டியலே போதும் என்றார்கள். பூட்ஸ்ட்ராப் திட்டமே தன் அடுத்த பெரிய பதிப்பில் ‘கிரன்ட்’டைக் கைவிட்டது. கைவிட்டதற்குப் பொதுவாகச் சொல்லப்பட்ட காரணமும் சரிதான்: ‘கிரன்ட்’ தானாக எதையும் செய்யாது, ஒவ்வொரு பணிக்கும் யாரோ எழுதிய ஒரு செருகுநிரல் வேண்டும், அடியில் இருக்கும் கருவி முன்னேறினாலும் செருகுநிரல் பின்தங்கிவிடும். 2016 மார்ச் 22 அன்று ஒரு நிரலாளர், பெயர் தகராறு ஒன்றில் மனம் கசந்து, என்.பி.எம். களஞ்சியத்திலிருந்து தன் பொதிகளை நீக்கினார். அவற்றில் ஒன்று ‘லெஃப்ட்-பேட்’, வெறும் 11 வரி. ஒரு சொல்லின் இடப்பக்கம் வெற்றிடம் சேர்ப்பது மட்டுமே அதன் வேலை. அதை மறைமுகமாகச் சார்ந்திருந்த பில்ட்கள் உலகமெங்கும் விழுந்தன, களஞ்சியமே அதை மீட்டு வைக்க வேண்டியதாயிற்று. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்னும் கோப்பு வேண்டாம் என்ற முடிவு வரவில்லை. இனி யாரும் ‘கிரன்ட்’ ஓட்டாவிட்டாலும் பழைய கிரன்ட்ஃபைலைத் திறந்தால் எந்தக் கோப்புகள் எந்த வரிசையில் என்ன ஆயின என்று இன்றும் வாசிக்கலாம். புதிய கருவிக்கு மாறுகிறவருக்கு அதைவிட நல்ல குறிப்பு கிடைக்காது. ‘லெஃப்ட்-பேட்’ சொன்னது வேறு. எந்த நூலகத்தின் எந்தப் பதிப்பு என்பதையும் கோப்பில் பூட்டி வைக்க வேண்டும், முக்கியமானவற்றின் பிரதியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளவும் வேண்டும். பூட்டுக் கோப்பு என்.பி.எம்.மில் 2017-இல் வழக்கத்துக்கு வந்தது. அதாவது, எழுதியது போதவில்லை என்றுதான் அந்தச் சம்பவத்துக்குப் பின் எல்லோரும் உணர்ந்தார்கள்.

இந்தக் கோப்பு எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதில் நிரலாளர்களுக்குள் நெடுநாள் சண்டை உண்டு. அதில் எனக்கு ஒரு பக்கச் சாய்வு இருக்கிறது. கோப்பு வெறும் அமைவுப் பட்டியலாக இருக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. அதுவே ஒரு நிரலாக இருக்கட்டும் என்பது மறு கட்சி. பட்டியல் கட்சியின் வரலாறு அழகானதல்ல. ‘ஆன்ட்’ கருவியை எழுதிய ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் அதற்கு எக்ஸ்.எம்.எல். வடிவத்தைத் தேர்ந்தார். பின்னாளில், இப்போது தெரிந்தது அப்போதே தெரிந்திருந்தால் ஒரு ஸ்கிரிப்ட் மொழியைத்தான் எடுத்திருப்பேன் என்று வெளிப்படையாக எழுதினார். பயனர்கள் நிபந்தனை கேட்டார்கள், சுழற்சி கேட்டார்கள். பட்டியலுக்குள் அவற்றைத் திணித்ததில் அது பட்டியலாகவும் இல்லை, நிரலாகவும் இல்லை. இன்று பரவலாக இருக்கும் யாமல் வடிவத்தின் பழைய பதிப்பில், நார்வேயின் நாட்டுக் குறியீடான ‘என்.ஓ.’வை எழுதினால் கருவி அதை ‘இல்லை’ என்று புரிந்துகொள்ளும். ‘மேக்’ கோப்பிலோ கட்டளை வரியின் தொடக்கத்தில் டேப் விசைதான் வேண்டும், கண்ணுக்கு அதே போலத் தெரியும் இடைவெளிகளை வைத்தால் ஏற்காது. அது தவறான முடிவு என்று ஃபெல்ட்மனுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள், அவர்களைச் சிரமப்படுத்த மனமில்லாமல் விட்டுவிட்டார். அந்தத் தயவின் பலனை ஏறக்குறைய அரை நூற்றாண்டாக உலகம் அனுபவிக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் நான் பட்டியலின் பக்கம்தான். நிரலாக எழுதினால் எதையும் செய்யலாம் என்பதே அதன் குற்றம். எதையும் செய்யக்கூடிய கோப்பை வாசித்து இது என்ன செய்யும் என்று சொல்ல முடியாது, ஓட்டித்தான் பார்க்க வேண்டும். ஆவணமாக இருப்பதற்கான தகுதியை அது அங்கே இழக்கிறது. கூகுள் நிறுவனம் 2015-இல் பொதுவெளிக்குக் கொண்டுவந்த ‘பேசல்’ கருவியில் ஒரு நடுவழி இருக்கிறது. அதன் மொழி பார்ப்பதற்குப் பைத்தான் போல இருக்கும், ஆனால் முடிவில்லாத சுழற்சி எழுத முடியாது, ஒரு செயற்கூறு தன்னையே அழைக்க முடியாது, கணினியின் நேரத்தைக் கேட்க முடியாது. நிபந்தனையும் பட்டியல் மீதான சுழற்சியும் உண்டு, தேவைக்கு அது போதும். வேண்டுமென்றே கைகள் கட்டப்பட்ட மொழி. ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விளைவு வர வேண்டும் என்பதற்காக அந்தச் சுதந்திரத்தை விட்டுக்கொடுத்தார்கள். ஆவணமாகவும் நிற்க வேண்டிய ஒரு கோப்புக்கு இந்தப் பேரம் சரியானது.

வலுவான ஆட்சேபத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். தானியங்கி பில்ட் மனிதனின் கண்ணைக் கட்டிவிடுகிறது, யாரும் வாசிக்காத அந்தக் கோப்பில்தான் கள்ளன் ஒளிகிறான் என்பது அந்த ஆட்சேபம். 2020 டிசம்பரில் அம்பலமான, சோலார்விண்ட்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தில் நடந்த ஊடுருவலில் உளவாளிகள் மூலநிரல் களஞ்சியத்தைத் தொடவில்லை. பில்ட் நடக்கும் சர்வருக்குள் நுழைந்து, தொகுக்கும் நொடியில் ஒரு கோப்பை மாற்றி வைத்து, வேலை முடிந்ததும் பழையபடி வைத்துவிட்டார்கள். நிறுவனத்தின் உண்மையான கையொப்பத்தோடு அந்த நச்சுப் பதிப்பு சுமார் 18,000 வாடிக்கையாளர்கள் வரை போனது. ‘எக்ஸ்.இசட்’ என்ற தரவுச் சுருக்க நூலகத்தில் இதைவிடப் பொறுமையான வேலை நடந்திருந்தது 2024 மார்ச்சில் தெரியவந்தது. நச்சு நிரல், சோதனைக்கான கோப்புகள் என்ற பெயரில் களஞ்சியத்தில் கிடந்தது. அதை உயிர்ப்பிக்கும் வரிகள் பில்ட் கோப்பு ஒன்றில் இருந்தன. அந்தக் கோப்பு களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுக்காகக் கட்டிய பொதியில் மட்டும் இருந்தது. சர்வரில் உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவது ஏன் என்று ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் துருவியதால்தான் அது பிடிபட்டது.

இந்த இரண்டு சம்பவங்களிலும் எழுதியது ஒன்று, நடந்தது வேறொன்று. ‘எக்ஸ்.இசட்’ பொதியைக் களஞ்சியத்தோடு யாராவது வரிக்கு வரி ஒப்பிட்டிருந்தால் கூடுதல் வரிகள் அன்றே தெரிந்திருக்கும். ஒப்பிட வேண்டும் என்ற வழக்கம் இல்லை. சோலார்விண்ட்ஸின் மூலநிரலை இன்னொரு கணினியில் தனியாக பில்ட் செய்து இரண்டையும் பொருத்திப் பார்த்திருந்தால் வேறுபாடு வெளியே வந்திருக்கும். அப்படிச் செய்யத்தான் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் குழு 2013-லிருந்து உழைக்கிறது: ஒரே மூலநிரலை யார், எங்கே, எப்போது தொகுத்தாலும் பிட் மாறாமல் அதே விளைவு வர வேண்டும். சொல்ல எளிது, செய்யக் கடினம். தொகுத்த நேரம் எங்காவது பதிந்துவிடும், கோப்புகளைப் படிக்கும் வரிசை கணினிக்குக் கணினி மாறும், அடைவின் பெயர் உள்ளே நுழைந்துவிடும். ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து அடைத்து, இன்று டெபியனின் பெரும்பாலான பொதிகளை அந்த நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். கையால் செய்யும் பில்டில் இந்த ஒப்பீட்டுக்கு இடமே இல்லை, ஏனென்றால் ஒப்பிட இரண்டாவது பிரதியை அதே போல இன்னொருவரால் செய்ய முடியாது. யாரும் வாசிக்காத கோப்பு ஆபத்து என்பது உண்மை. அதற்கு, நிரல் மாற்றத்தை இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தருவது போலவே பில்ட் கோப்பில் வரும் மாற்றத்துக்கும் ஒப்புதல் கேட்பதுதான் வழி. இப்போது பல இடங்களில் அதைக் கடைநிலை வேலையாக நினைத்துப் புதிதாகச் சேர்ந்தவரிடம் தள்ளிவிடுகிறார்கள்.

இது நிரலாளர்களின் வீட்டு விவகாரம் மட்டும் என்றால் ஒரு நாளிதழில் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. பொது உரிமங்களில் புகழ்பெற்ற ஜி.பி.எல். தன் இரண்டாம் பதிப்பில், 1991-லேயே, முழுமையான மூலநிரல் என்றால் தொகுப்பதையும் நிறுவுவதையும் நடத்தும் ஸ்கிரிப்ட்களும் சேர்த்துத்தான் என்று வரையறுத்தது. அவை இல்லாத மூலநிரல் பத்திரம் இருந்தும் பாதை இல்லாத மனை. இந்திய அரசு 2015-இல் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை வகுத்தது. அரசுச் செயலிகளின் மூலநிரலைத் திறந்துவிட அதே ஆண்டில் இன்னொரு கொள்கையும் வந்தது. 2020 மே மாதம் ஆரோக்கிய சேது ஆண்ட்ராய்டு செயலியின் மூலநிரல் கிட்ஹப் தளத்தில் வெளியானது. அது வரவேற்கத்தக்க முடிவு. ஆனால் வெளியிட்ட நிரலிலிருந்துதான் என் கைப்பேசியில் இருக்கும் செயலி உருவானதா என்று ஒரு குடிமகன் கேட்டால், மீள்செய்யக்கூடிய பில்ட் இல்லாமல் எந்தச் செயலிக்கும் அதற்கு விடை சொல்ல முடியாது. சிக்னல் நிறுவனம் தன் ஆண்ட்ராய்டு செய்திச் செயலிக்கு 2016-லிருந்தே அப்படிச் சரிபார்க்கும் வழியைக் கொடுத்து வருகிறது; அரசுகளால் முடியாத வித்தை அல்ல அது.

ஆகவே, அரசுத் துறைகளும் பல்கலைக்கழகங்களும் மின்வாரியங்களும் போடும் மென்பொருள் ஒப்பந்தங்களில், மூலநிரல் ஒப்படைக்கப்பட வேண்டும் என்ற பிரிவோடு இன்னொன்றும் வேண்டும். எதுவும் நிறுவாத புதிய கணினியில், ஒப்பந்ததாரரின் ஆள் யாரும் அருகில் இல்லாமல், ஒப்படைத்த கோப்புகளை மட்டும் வைத்து, ஒரே கட்டளையில் பில்ட் முடிய வேண்டும். வெளிவரும் செயலி இப்போது சர்வரில் ஓடுவதோடு பொருந்த வேண்டும். பொருந்திய பிறகே கடைசித் தவணைப் பணம். இதனால் செலவு கூடும், சிறு நிறுவனங்கள் ஒதுங்கிவிடும் என்பார்கள். உண்மையில் சிறு நிறுவனத்துக்கு இது எளிது, அதன் திட்டம் சிறியது, பில்ட் கருவிகள் பெரும்பாலும் இலவசமாகக் கிடைப்பவை. சிரமப்படப் போவது, பத்தாண்டாக ஒரே துறையில் ஒரே அமைப்பைப் பராமரித்து, அதை வேறு யாராலும் தொட முடியாதபடி வைத்திருக்கும் பெரிய ஒப்பந்ததாரர்தான். உரிமக் கட்டணம் கேட்கும் தொகுப்பியோ பிற நிறுவனத்தின் மூடிய நூலகமோ இடையில் இருந்தால் அதையும் அந்தக் கோப்பு காட்டிக்கொடுத்துவிடும். அடுத்த டெண்டரின் மதிப்பீட்டைப் போடும் அதிகாரிக்கு அந்த விவரம் ஒப்பந்தம் முடிந்த பிறகு கிடைப்பதைவிடக் கையெழுத்துக்கு முன் கிடைப்பது நல்லது. எனவே இந்தச் சோதனையை முதல் தவணையின்போதே, ஒரு சிறு பகுதியை வைத்து, ஒருமுறை நடத்திவிடலாம்.